எக்ஸ்போர்ட் செய்த வீடியோவில் குரல் கெடுவது ஏன்?

எக்ஸ்போர்ட் என்றதும் நம் நாட்டு வியாபாரிகளுக்குத் தேயிலையும் கறுவாவும்தான் நினைவுக்கு வரும். வீடியோ எடிட்டிங் செய்யும் நமது பிள்ளைகளிடம் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. கணினியில் வெட்டிச் சேர்த்த படத்தையும் ஒலியையும், எங்கும் ஓடக்கூடிய ஒரே கோப்பாக மென்பொருளிலிருந்து வெளியே எடுப்பதையே அவர்கள் எக்ஸ்போர்ட் என்கிறார்கள். அப்படி எடுத்த வீடியோவில் படம் பளிச்சென்று இருக்க, குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறது என்பது இன்று பல வியாபாரிகளின் முறைப்பாடு.

எனக்கும் இது நேர்ந்தது. பெருநாள் வியாபாரத்திற்காக எங்கள் புடைவைக் கடைக்கு இரண்டு நிமிட விளம்பரம் ஒன்று செய்வித்தேன். கடையின் பக்கத்தில் அது வெளியானபோது விலை சொல்லும் இடமே விளங்கவில்லை. எடிட்டிங் செய்த தம்பியைக் கூப்பிட்டு ஏசினேன். பேசிய கூலியில் பாதியையும் பிடித்து வைத்துக்கொண்டேன். "நானா, என்ட கம்பியூட்டர்ல நல்லாத்தான் கேட்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவரது கணினியையே கடைக்குக் கொண்டு வந்தார். மூன்று இடங்களில் ஒரே வசனத்தைக் கேட்டோம். முதலில் எடிட்டிங் மென்பொருளுக்குள்: குரல் தெளிவு. அடுத்து எக்ஸ்போர்ட் செய்த கோப்பு: அதுவும் தெளிவு. கடைசியாக எனது கைத்தொலைபேசியில் இருந்த பிரதி: அங்குதான் கரகரப்பு. அவசரத்தில் செய்திச் செயலி வழியாக அனுப்பச் சொன்னவன் நான். செயலி அதைச் சுருக்கி அனுப்பியது. சுருங்கிய பிரதியையே எங்கள் கடைப் பிள்ளைகள் பக்கத்தில் ஏற்ற, அங்கு அது மீண்டும் சுருங்கியது. போட்டோப் பிரதியை மறுபடி போட்டோப் பிரதி எடுத்தால் எழுத்து மங்குவது போலத்தான். பாக்கிப் பணத்தை அன்றே கொடுத்தேன். ஆனால் பிள்ளைகள் முன்னால் ஏசியதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

ஆகவே, எங்கே கெட்டது என்று கண்டுபிடிக்கும் முன் எதையும் திருத்தப் போகக் கூடாது. யாரையும் குறை சொல்லவும் கூடாது. குரல் கெடக்கூடிய இடங்கள் நான்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பதிவு செய்யும் இடம்

மென்பொருளுக்குள்ளேயே குரல் மோசமாகக் கேட்டால் குற்றம் பதிவில்தான். விசிறி, குளிரூட்டி, வீதி வாகனம் ஆகியவற்றின் இரைச்சல் குரலோடு கலந்திருக்கும். ஒலிவாங்கியை இரண்டு அடியிலிருந்து ஓரடிக்குக் கொண்டு வந்தால் குரலின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். விசிறியின் இரைச்சல் அப்படியே நிற்கும். இதற்குச் செலவு எதுவுமில்லை.

பதிவு முடிந்துவிட்டதென்றால், ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரைச்சல் மட்டும் கேட்கும் ஓரிரு விநாடிகளை மாதிரியாகக் காட்டி, முழுப் பதிவிலும் அதைக் குறைக்கலாம். அளவுக்கு மீறிக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள் பேசுவது போலாகிவிடும்.

2. சேர்க்கும் இடம்

குரல் தனியே சரி, பின்னணி இசை தனியே சரி. இரண்டும் சேரும்போது மொத்த அளவு எல்லையைத் தாண்டுகிறது. மென்பொருளின் அளவுமானியில் 0 டெசிபல் என்பதே உச்சம். அதைத் தாண்டிய ஒலியின் தலை எக்ஸ்போர்ட் கோப்பில் வெட்டுப்பட்டுக் கரகரப்பாகிறது. வெட்டிய துணி வளராது. கோப்பில் வெட்டுப்பட்ட ஒலியும் அப்படித்தான். எனவே சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, எரிந்தால் அளவைக் குறைத்துவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். உச்ச ஒலி மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாதிருப்பது நல்லது. குரல் வரும் இடங்களில் இசையைக் குரலை விட 15 முதல் 20 டெசிபல் வரை தாழ்த்தி வைக்க வேண்டும்.

இன்னொரு மறைவான குற்றமும் உண்டு. ஹெட்போனில் கேட்கும் குரல், ஒற்றை ஸ்பீக்கர் உள்ள கைத்தொலைபேசியில் மெலிந்து அல்லது மறைந்து போகும். இடம், வலம் ஆகிய இரு பக்க ஒலிகளில் ஒன்று தலைகீழாகப் பதிவாகியிருந்தால், இரண்டும் ஒன்றாகும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு பக்க ஒலியை மட்டும் எடுத்து இரு பக்கத்திற்கும் நிரப்பினால் இது தீரும்.

3. எக்ஸ்போர்ட் செய்யும் இடம்

மென்பொருளுக்குள் நன்றாகவும், வெளியே எடுத்த கோப்பில் மோசமாகவும் கேட்டால், சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, எக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒலிக்கான பகுதியைத் திறந்து பாருங்கள். கவனிக்க வேண்டியவை மூன்று: ஒலி வகை ஏஏசி, மாதிரி வீதம் 48 கிலோஹேர்ட்ஸ், பிட் வீதம் விநாடிக்கு 192 கிலோபிட் அல்லது அதற்கு மேல். ஸ்டீரியோ ஒலிக்கு யூடியூப் பரிந்துரைப்பது 384 கிலோபிட்.

கோப்பு சிறிதாக வேண்டும் என்று சிலர் இதை 64 கிலோபிட்டுக்கு இறக்கி விடுகிறார்கள். வியாபாரிகளாகிய நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு நிமிட வீடியோவில் 192 கிலோபிட் ஒலி பிடிக்கும் இடம் சுமார் 2.9 மெகாபைட். 64 கிலோபிட் என்றால் சுமார் 1 மெகாபைட். அதே வீடியோவின் படம் விநாடிக்கு 8 மெகாபிட் வீதம் சுமார் 120 மெகாபைட் பிடிக்கிறது. 120இல் 2 மெகாபைட்டை மிச்சம் பிடிக்கப் போய்க் குரலை இழப்பது இலாபமா?

4. கொண்டு சேர்க்கும் இடம்

எக்ஸ்போர்ட் கோப்பு நன்றாக இருந்து, கைக்கு வந்தது கெட்டிருந்தால் வழியில்தான் கெட்டிருக்கிறது. மூலக் கோப்பைப் பென்டிரைவில் வாங்குங்கள். செய்திச் செயலியில்தான் வர வேண்டுமென்றால், வீடியோவாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு சுருக்கப்படாமல் வரும். பக்கத்தில் ஏற்றுவதும் அந்த மூலக் கோப்பாகவே இருக்கட்டும்.

தேயிலை வாங்குபவர் மாதிரியைச் சுவைத்துப் பார்த்த பிறகே விலை கேட்கிறார். நாமும் பணம் கொடுக்கும் முன், எடிட்டிங் செய்தவரோடு உட்கார்ந்து மூலக் கோப்பை ஹெட்போனிலும் சாதாரணக் கைத்தொலைபேசியிலும் ஒரு முறை கேட்டுவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை அது. அந்த ஐந்து நிமிடத்தை நான் ஒதுக்கியிருந்தால், ஓர் இளைஞனின் கூலியை இரண்டு நாள் பிடித்து வைத்திருக்க மாட்டேன்.