'டு'வும் வினையும்: நடுவில் இடம் உண்டா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'டு'வுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே வினையடை வரலாமா? (ஒரு வாசகர், சேவூர்)

பதில்: வரலாம். இது பிழை என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டில் வலுத்தது. 1864இல் ஆங்கில அறிஞர் ஹென்றி ஆல்ஃபர்ட் இப்படிப் பிரிப்பதைக் கண்டித்தார். 'டு'வுடன் வரும் இவ்வினைவடிவம் லத்தீனில் ஒரே சொல், ஆகவே ஆங்கிலத்திலும் பிரிக்கலாகாது என்பது பலர் சொல்லும் காரணம். தமிழில் 'விற்க' என்பதும் ஒரே சொல்தான். அதற்காக ஆங்கிலம் தமிழைப் பின்பற்ற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை! 1926இல் வெளிவந்த தம் ஆங்கில மொழிநடை அகராதியில் ஃபௌலர் என்பவர், பொருள் குழம்புவதைவிடப் பிரிப்பதே மேல் என்றார்.

பொருள் எப்படி மாறும் என்பதற்குப் பட்டுப்புடவை வியாபாரி ஒருவரைப் பற்றிய வாக்கியம் இது: 'ஹி டிசைடட் க்விக்லி டு செல் தி சாரி.' இதில் விரைவு முடிவெடுத்ததைச் சேரும். 'ஹி டிசைடட் டு க்விக்லி செல் தி சாரி' என்றால் விரைவு விற்பனைக்குப் போய்விடும். பிரிக்க மனமில்லாதவர் 'க்விக்லி'யைக் கடைசியில் வைக்கலாம். அன்றாடப் பேச்சில் அதுவே இயல்பு. 'டு மோர் தேன் டபுள்' போன்ற தொடரிலோ பிரிக்காமல் தீராது. 'நாட்' மட்டும் எழுத்துநடையில் பெரும்பாலும் 'டு'வுக்கு முன்பே நிற்கும்.

வினையடை எதைச் சேரும் என்ற சிக்கல் தமிழிலும் உண்டு. தொல்காப்பியம் சொல்லும் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் வரும் வாக்கியம் ஒன்று: 'உடனே தறியில் உட்காரச் சொன்னார்.' உடனே உட்காருவதா, உடனே சொன்னதா? 'தறியில் உட்காரும்படி உடனே சொன்னார்' என்று மாற்றினால் ஐயம் தீரும்.