பாசி தின்று மணல் தரும் கிளிமீன்



மலாக்காத் தோட்டமொன்றில் பிறந்து, பள்ளியில் பாடம் சொல்லிக் காலம் கழித்தவன் நான். பாசாரில் மீன் வாங்குவோர் சிலர் நீலமும் பச்சையுமான கிளிமீனைக் கண்டிருப்பீர்கள். மலாய்க்காரர்கள் இதனை ‘ஈக்கான் பாயான்’ என்பர். பாயான் என்றாலும் கிளிதான். இம்மீனின் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வது நலம்.

அலகும் அரைவையும்

இதன் பற்கள் ஒன்றோடொன்று இணைந்து கிளியின் அலகு போல் இருக்கும். அந்த அலகால் பவளப்பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும். கூடவே பாறைத் துகளும் வாய்க்குள் போகும். தொண்டையிலுள்ள இன்னொரு பல்வரிசை அம்மி போல் அதனை அரைத்துவிடும். சத்து உடலில் சேர, கல் வெண்மணலாக வெளியேறும். மாலத்தீவின் வக்காரு தீவில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வின்படி, அங்கே பாறையில் புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்கள் தந்ததே.

உறக்கமும் உருமாற்றமும்

இரவில் பாறை இடுக்கில் ஒதுங்கி உறங்கும். சில இனங்கள் கோழையைச் சுரந்து, தம்மைச் சுற்றிக் கொசுவலை போல் உறை கட்டிக்கொள்ளும். அவ்வுறை இரத்தம் உறிஞ்சும் சிற்றுயிர்களைத் தடுக்கிறது என்று 2011இல் கண்டறிந்தார்கள். பல இனங்களில் பெண்மீன் பிற்பாடு ஆணாக மாறும். அப்போது நிறமும் மாறும்.

நமக்குரிய கடமை

பாசி மூடிய பாறையில் இளம் பவள உயிர்கள் ஒட்டி வளர முடியாது. கிளிமீன் குறைந்தால் பாசி பெருகும், பவளப்பாறை நலியும், அலையைத் தடுத்துக் கரையைக் காக்கும் அரணும் தளரும். இதை உணர்ந்தே பெலீஸ் நாடு 2009இல் கிளிமீன் பிடிப்பதைத் தடைசெய்தது.

இராமேசுவர யாத்திரை சென்றோர் மன்னார் வளைகுடாவைக் கண்டிருப்பீர்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு, பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் கடலுக்குள் மூழ்கின. பாறை போனால் தீவும் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நம் நாட்டில் தியோமான், ரெடாங் தீவுகளின் கடல் 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பூங்காவுக்கு வெளியே வாழும் கிளிமீனைக் காப்பது வாங்குவோர் கையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இதனை வாங்குவதில்லை. சமையலுக்கு வேறு மீன் பல உண்டு. தீவுகளுக்குச் சுற்றுலா செல்லும் அன்பர்கள் பவளத்தை மிதிக்காமலும் ஒடித்து எடுத்துவராமலும் இருக்க வேண்டுகிறேன். பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிக் கொடுங்கள்.