பிசின் அச்சுக்கு ஏற்ற தாள் – ஓர் அறிமுகம்

மணமேல்குடிக் கடற்கரையை ஒட்டிய நம் இல்லங்களில், கடல் கடந்து பொருளீட்டிய பாட்டனார்களின் பழைய ஒளிப்படங்கள் பேணப்பட்டு வருகின்றன. உப்புக்காற்றும் ஈரமும் தாக்கியதால் அவற்றுட் பல முகம் தெரியாவண்ணம் மங்கிவிட்டன. அப்படங்களை ஆக்கிய வெள்ளித்துகள் ஈரத்தால் கெடும். வெள்ளியை விடுத்து, கெடாத நிறத்தால் படம் ஆக்கும் வழியொன்று உண்டு. அதுவே பிசின் அச்சு.

முறை

பொட்டாசியம் டைகுரோமேட்டு தோய்ந்த தாள் ஒளியால் மாறுவதை 1839இல் ஸ்காட்லாந்தின் மங்கோ பாண்டன் கண்டறிந்தார். 1855இல் பிரான்சின் அல்போன்சு புவாத்வேன் அதனுடன் பசையையும் நிறத்தையும் சேர்த்தார். அரபிப் பிசின், நிறப்பொடி, டைகுரோமேட்டு ஆகியவற்றைக் கலந்து தாளில் பூசி, படத்தின் அளவேயான எதிர்ப்படிமத்தை மேலே வைத்து வெயிலில் காட்டினால், ஒளிபட்ட பிசின் இறுகும். ஒளிபடாதது நீரில் கரையும். எஞ்சி நிற்பதே படம்.

முன்னோர் கண்ட நெறி

விளக்குக்கரியும் அரபிப் பிசினும் கூடிய கலவை நமக்குப் புதிதன்று. அரபு எழுத்துக்கலைஞரின் மையும் அதுவே. அவர்கள் தாளுக்கு மாவுக்கஞ்சியோ, முட்டை வெண்கருவும் படிகாரமும் சேர்ந்த பூச்சோ இட்டு, வழுவழுப்பான கல்லால் தேய்த்த பின்னரே எழுதினர். பாரசீகர் இப்பூச்சினை ‘ஆஹார்’ என்றனர். 1858இல் புதுக்கோட்டையைப் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப்பும் எதிர்ப்படிமத்திற்கு மெழுகேற்றிய தாளையே கொண்டார். தாளைப் பக்குவம் செய்தலே முதற்பணி என்பது இவற்றால் விளங்கும்.

தாளின் தகுதிகள்

ஒன்று, நீரைத் தாங்கும் வலிமை. ஒவ்வொரு பூச்சுக்கும் தாள் அரைமணி அளவு நீரில் கிடக்க நேரும். செய்தித்தாள் போன்ற மரக்கூழ்த் தாள் இதற்கு ஆற்றாது, பழுப்பேறவும் செய்யும். பருத்திக்கூழால் ஆன, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள ஓவியத்தாள் நன்று. இராசத்தானின் சாங்கானேரில் காகஜி என்னும் முஸ்லிம் குடியினர் வழிவழியாகச் செய்துவரும் கைத்தாளையும் சோதித்துப் பயன்படுத்தலாம்.

இரண்டு, அளவு மாறாமை. தாளில் 20 செ.மீ. இடைவெளியில் இரு புள்ளிகள் இட்டு, வெந்நீரில் ஊறவைத்து, உலர்த்தி அளந்து காண்க. ஒரு மில்லிமீட்டர் சுருங்கினும் அடுத்த பூச்சில் கண் இரண்டாகத் தோன்றும். ஆதலின், அச்சிடுமுன்பே தாளை வெந்நீரில் ஊறவைத்து உலர்த்திச் சுருக்கிக்கொள்ளல் வேண்டும்.

மூன்று, நிறத்தை உள்ளே விடாமை. ஒரு துளி நீரை இடுக. உடனே உறிஞ்சும் தாள் நிறத்தையும் உறிஞ்சும். நாம் முதலில் சார்ட் தாளில் முயன்றபோது, வெண்மையாய் நிற்க வேண்டிய நெற்றியிலும் தாடியிலும் கறை படிந்தது. பெரியவரின் முகமே இருண்டது. பிழை வெயிலிலன்று, நம் தேர்விலேயே இருந்தது. நூற்றுக்கு மூன்று பங்கு ஜெலட்டின் கரைசலைப் பூசி, குரோம் படிகாரத்தால் அதனை இறுகச் செய்தால் இக்குறை நீங்கும்.

எச்சரிக்கை

டைகுரோமேட்டு நஞ்சு, புற்றுநோய் விளைப்பது. கையுறையின்றித் தொடலாகாது, கழுவிய நீரைக் கிணற்றருகிலோ கடலிலோ கொட்டலாகாது. மாணவர்கள் வேதியியல் ஆசிரியரின் துணையின்றி முயலற்க.

மங்கிய படம் முற்றும் அழியுமுன் அதற்கொரு படியெடுத்தல் நம் கடமை. தக்க தாளில் பதிந்த கரிநிறம் நம் பேரர்க்கும் அம்முகத்தைக் காட்டும். வீட்டுச் சுவரை இன்றே ஒருமுறை நோக்குவோமாக!