மேல்பூச்சைத் தாங்குவது அடிப்பூச்சு

கல்லல், காரைக்குடிப் பக்கத்துப் பழைய நகரத்தார் வீடுகளில் காரைப் பூச்சைப் பழுதுபார்ப்பது என் தொழில். கலவை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பூச்சு நிற்காது. நான் கண்ட முதல் பாடம் இதுதான்.

செட்டிநாட்டுப் பூச்சு பல கை பூசி எழுவது. அடியில் சுண்ணாம்பும் பருமணலும். அதன்மேல் சன்ன மணல். கடைசியில் நன்றாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். கலவையில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேரும். மேலே போகப்போக அடுக்கு மெலிய வேண்டும். அடியில் இருப்பதைவிட மேலே இருப்பது இறுக்கமாக இருக்கக் கூடாது.

அதனால்தான் காரைச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள் என்கிறேன். பழைய சுவரில் தரையிலிருந்து ஓதம் ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே ஆறவிடும். சிமெண்ட் அடைத்துவிடும். பின்னால் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

பூசுவதற்கு முன், கரணைப் பிடியால் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தை முழுக்கச் செதுக்கி எடுத்துவிடுங்கள். தூசி போகக் கழுவி, சுவர் குடிக்கும் மட்டும் தண்ணீர் அடியுங்கள். காய்ந்த சுவர் புதுக்கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிமானம் வராது. அடிப்பூச்சு இறுகுவதற்குள் கீறிவிட்டால்தான் அடுத்த கைக்குப் பிடி கிடைக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல இறுகுவது. அதற்கு நாள் கொடுத்தே அடுத்த கை பூச வேண்டும்.

கான்கிரீட் மேல் பூசும் சிமெண்டுக்கு வேறு கணக்கு. கான்கிரீட் தூணைக் கொத்திவிட்டு, சென்ட்ரிங் எண்ணெய் போகக் கழுவி, சிமெண்ட் பால் அடித்த ஈரத்திலேயே பூச வேண்டும். பால் காய்ந்துவிட்டால் அதுவே பூச்சைப் பிரிக்கும் ஏடாகிவிடும். கடையில் வாங்கும் பாண்டிங் திரவத்துக்கும், டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டக் கூடாது. செங்கலும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்தால் விரிசல் குறையும்.

அடுக்குகள் எப்படி ஒட்டுகின்றன என்று தெரிய, பக்கத்திலிருக்கும் ஆத்தங்குடிக்குப் போய்த் தரை ஓடு செய்வதைப் பாருங்கள். கண்ணாடி மேல் சாயக் கலவை ஊற்றுகிறார்கள். ஈரம் இருக்கும்போதே உலர்ந்த சிமெண்ட்-மணலைத் தூவுகிறார்கள். அது ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. அதன்மேல் ஈரக்கலவை வைத்து அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சூளையே இல்லாமல் அடுக்குகள் ஒரே கல்லாகிவிடுகின்றன.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கொத்தனாரை அவசரப்படுத்தாதீர்கள். மேல்பூச்சின் பளபளப்பைப் பார்த்துக் கூலி கொடுப்பதற்கு முன், அடிப்பூச்சு போடும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள். பூச்சின் ஆயுள் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.