மனநோய் என்பதால் மருந்துச் செலவை மறுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு பைபோலார் பாதிப்பு. மார்ச் மாதம் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அந்தச் செலவோடு, வீடு திரும்பிய பிறகு வாங்கிவரும் மாத்திரைகளின் பில்களையும் சேர்த்து க்ளெய்ம் போட்டேன். ‘மனநோய்ச் சிகிச்சை பாலிசியில் விலக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

- வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த ஒரு வரிக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 21(4) பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தரவேண்டும் என்கிறது. 2018 மே 29 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பாலிசியில் விலக்கு அச்சிட்டிருக்கிறதே என்று வாதிட்ட ஒரு நிறுவனத்தைப் பணம் தரும்படி தில்லி உயர் நீதிமன்றம் 2021-ல் உத்தரவிட்டது. நாளை உங்கள் நிறுவனம் ‘பழைய நோயை மறைத்தீர்கள்’ என்று புதுக் காரணம் தேடலாம். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னால் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.

மாத்திரை பில்களில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்குப் பல பாலிசிகள் 60 நாள் தருகின்றன. உங்களுடையதில் எத்தனை நாள் என்று பாருங்கள். அதற்குள் வாங்கியவற்றை டாக்டர் சீட்டோடு கேட்கலாம். அதைத் தாண்டிய மாத்திரைகள் புறநோயாளிச் செலவு. உங்கள் பாலிசி சர்க்கரை நோயாளிக்கும் அதைத் தராது என்றால், உங்களுக்கும் கிடைக்காது. சட்டம் கேட்பது சமத்துவம், சலுகை அல்ல.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு, 21(4) பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை. அங்கே வக்கீல் ஆஜராக முடியாது, எனவே உங்களுக்கு அந்த ஃபீஸும் மிச்சம்தான்! பாலிசி மகன் பெயரில் என்றால் புகாரில் அவரே கையெழுத்திட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபடும் என்பதால், அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வரும்வரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பெறும் உரிமையை அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு தருகிறது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.