தறிக்கூடத்தில் ஈரப்பதமானி: வாங்குவது முதல் மாட்டுவது வரை

ஆட்டையாம்பட்டி என்றாலே சேலம், நாமக்கல் மக்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று கை முறுக்கு, இன்னொன்று தறிச் சத்தம். முறுக்குக்குக் காற்றில் ஈரம் இருந்தால் ஆகாது, நமுத்துப் போகும். தறிக்கோ ஈரம் இல்லாவிட்டால் ஆகாது. சித்திரை மதியத்தில் எந்தத் தறிக்கூடத்துக்கு வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்க, “காலையில நல்லா ஓடுச்சு, வெயில் ஏறினதும் இழை அறுந்துகிட்டே இருக்கு” என்பார்கள். அறுந்த இழையை எடுத்து முடி போடும் ஒவ்வொரு முறையும் தறி நிற்கிறது. மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அது நேரடி நட்டம்.

அந்த நட்டத்தை அளந்து பார்க்கத்தான் ஈரப்பதமானி. ஹைக்ரோமீட்டர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். சில நூறு ரூபாயிலும் கிடைக்கிறது, பல ஆயிரத்திலும் கிடைக்கிறது. எதை வாங்குவது, எங்கே மாட்டுவது, அது காட்டும் எண்ணை எவ்வளவு நம்புவது? இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பணம் வீணாகாது. ஆளுக்கும் ஆபத்து வராது.

வெயில் ஏறினால் ஈரம் எங்கே போகிறது?

உண்மையில் எங்கேயும் போவதில்லை. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்க முடியுமோ, அதில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதைத்தான் கருவி காட்டுகிறது. இதற்கு ஒப்பு ஈரப்பதம் என்று பெயர். காற்று சூடானால் அதன் கொள்ளளவு கூடும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் சுமார் 51 கிராம் தாங்கும். ஆக, காலையில் 24 டிகிரியும் 90 சதவீதமும் இருந்த அதே காற்று, மதியம் 36 டிகிரிக்குச் சூடானதும் சுமார் 45 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு சொட்டு நீரும் குறைந்திருக்காது, ஆனால் நூலுக்கு அது வறண்ட காற்று.

நம் பகுதி நெசவாளர்கள் இதைக் கருவி இல்லாமலே அறிந்திருந்தார்கள். பாவடியில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலையை விடியற்காலையில் முடித்தார்கள். குழித்தறியில் பாவு தரைக்கு அருகில் இருப்பதால் மண்ணின் ஈரம் நூலுக்குக் கிடைத்தது. சிமென்ட் தளமும் தகரக் கூரையும் போட்ட விசைத்தறிக்கூடத்தில் அந்த வசதி இல்லை.

பருத்தி நூல் ஈரம் ஏறினால் வலுவாகும். விஸ்கோஸ் அதற்கு நேர்மாறு, ஈரத்தில் தளர்ந்துவிடும். பாலியஸ்டர் ஈரத்தை அவ்வளவாக வாங்காது, ஆனால் வறண்ட காற்றில் நிலைமின்சாரம் ஏறி இழைகள் ஒட்டும், சிலிர்க்கும். ஆகவே “எல்லாத் தறிக்கும் 80 வை” என்று யாராவது சொன்னால் அப்படியே கேட்க வேண்டாம். பருத்தி நெசவுக்கு 75 முதல் 85 சதவீதம் வரை என்பது ஜவுளித் துறையில் வழக்கமான அளவு. நீங்கள் ஓட்டும் நூல் எது என்று முதலில் பாருங்கள். சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், கோவையில் 1956-ல் தொடங்கிய சிட்ரா ஆகியவை இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சரியான இடங்கள்.

நூல் வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. பருத்தி நூலின் வணிக எடை, 100 கிலோ உலர்ந்த நூலுக்கு 8.5 கிலோ ஈரம் என்ற அடிப்படையில் வைக்கப்படுகிறது. அப்படி 50 கிலோ நின்ற மூட்டை, வறண்ட குடோனில் கிடந்து ஈரம் 5 கிலோ விகிதத்துக்கு இறங்கினால், தராசில் சுமார் 48.4 கிலோதான் காட்டும். ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைகிறதே என்று வியாபாரியிடம் சண்டைக்குப் போகும் முன், குடோனில் ஈரப்பதம் எவ்வளவு என்று பாருங்கள். எண் கையில் இருந்தால் பேசுவதற்கும் வசதி.

செல்போன் ஆப் அளக்குமா?

அளக்காது. ஆப் ஸ்டோரில் ஹைக்ரோமீட்டர் என்ற பெயரில் நிறைய ஆப் இருக்கின்றன. போனில் ஈரப்பத உணரி இருந்தால்தான் அது அளக்க முடியும். 2013-ல் வந்த சாம்சங் கேலக்சி எஸ்4 போன்ற ஒன்றிரண்டு மாடலில் அது இருந்தது. இன்று நம் கையில் உள்ள போன்களில் பெரும்பாலும் இல்லை. உங்கள் இருப்பிடத்தைக் கேட்டுவிட்டு, அந்த ஊரின் வானிலைத் தகவலை எடுத்துக் காட்டுவதுதான் இந்த ஆப்கள் செய்யும் வேலை. வெளியே என்ன நிலவரம் என்று பார்க்க இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ‘மௌசம்’ ஆப் போதும். கூடத்துக்குள் என்ன நிலவரம் என்பதை எந்த ஆப்பும் சொல்லாது.

புளூடூத் அல்லது வைஃபை வழியாகப் போனுக்கு எண் அனுப்பும் உண்மையான கருவிகளும் உண்டு, அவை வேறு. அவற்றின் ஆப்பை நிறுவும்போது கேட்கும் அனுமதிகளைக் கவனியுங்கள். அருகிலுள்ள சாதனங்கள் என்ற அனுமதி தேவைப்படும், பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பிட அனுமதியும் கேட்கும். அது நியாயம். ஆனால் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்தியையும் ஈரப்பதமானி எதற்குப் பார்க்க வேண்டும்? அப்படிக் கேட்டால் நிறுவாதீர்கள். கருவியோடு வரும் தொடக்கக் கடவுச்சொல்லையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

எதை வாங்கலாம்?

வெறுமனே பார்த்துத் தெரிந்துகொள்ள மட்டும் என்றால் பேட்டரியில் ஓடும் சிறிய டிஜிட்டல் கருவி போதும். விலை குறைந்தவை 5 சதவீதம் கூடக்குறையக் காட்டும், அதாவது 70 என்றால் 65-ஆகவும் இருக்கலாம், 75-ஆகவும் இருக்கலாம். பனித்தூவி இயந்திரத்தை இயக்கவும் நிறுத்தவும் கருவியை நம்பப் போகிறீர்கள் என்றால் 2 அல்லது 3 சதவீதத் துல்லியம் உள்ள தொழிற்சாலைக் கருவி வேண்டும். உணரியின் முனையில் வலை அல்லது நுண்துளை மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் மூடியில்லா உணரி சில வாரம்கூட உருப்படியாக ஓடாது.

பழைய முறையை இளப்பமாக நினைக்க வேண்டாம். இரண்டு வெப்பமானி, ஒன்றின் குமிழில் ஈரத் துணி. இதுவே உலர்-ஈரக் குமிழ் மானி. உலர் 36, ஈரம் 24 என்று காட்டினால் ஈரப்பதம் சுமார் 37 சதவீதம். உலர் 30, ஈரம் 24 என்றால் சுமார் 60. அட்டவணை கருவியோடே வரும். துணி அழுக்கேறினால் தவறாகக் காட்டும். அடிக்கடி மாற்றி, வாலை வடிநீர் ஊற்றினால் வருடக்கணக்கில் உழைக்கும். மின்சாரமே வேண்டாம்.

எங்கே மாட்டுவது?

பெரும்பாலான இடங்களில் தவறு நடப்பது இங்கேதான். கருவியைக் கண்ணுக்கு அழகாகத் தெரியும்படி வாசல் நிலைக்குப் பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். அது வாசல் காற்றைத்தான் அளக்கும். நூல் இருக்கும் உயரத்துக்குச் சற்று மேலே, தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில், கூடத்தின் நடுப்பகுதியில் காற்று நடமாடும் தூணில் மாட்டுங்கள். வெயில் சுடும் வெளிச்சுவரில் நேராக ஒட்ட வேண்டாம். மோட்டாருக்கு மேலே வேண்டாம், ஜன்னல் வெயில் படும் இடமும் வேண்டாம். முக்கியமாக, பனித்தூவியின் வாய்க்கு எதிரே கூடாது. அங்கே எப்போதும் 95 காட்டும், இயந்திரம் நின்றுவிடும், கூடத்தின் மறுகோடியில் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

தொழிற்சாலைக் கருவிகளில் பல, 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடி 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை சமிக்ஞை தரும். 4 என்றால் 0 சதவீதம், 20 என்றால் 100 சதவீதம். வந்த எண்ணில் 4-ஐக் கழித்து 6.25-ஆல் பெருக்கினால் ஈரப்பதம் வந்துவிடும். 16 மில்லியாம்பியர் என்றால் 75 சதவீதம். மீட்டரில் 0 மில்லியாம்பியர் காட்டினால் ஈரமே இல்லை என்று அர்த்தமல்ல, ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. 4-லிருந்து தொடங்குவதே இதைக் கண்டுபிடிக்கத்தான். இந்தச் சமிக்ஞை ஒயரைத் தறி மோட்டாருக்குப் போகும் மின் ஒயரோடு ஒரே குழாயில் இழுக்கக் கூடாது, எண் குதிக்கும்.

பனித்தூவியை இயக்கும்படி அமைக்கும்போது ஓடத் தொடங்கும் எண்ணுக்கும் நிற்கும் எண்ணுக்கும் இடையே இடைவெளி விடுங்கள். 70-ல் ஓடி 76-ல் நிற்கட்டும். இரண்டும் 75 என்று வைத்தால் கான்டாக்டர் நிமிடத்துக்கு நிமிடம் தட்டிக்கொண்டே இருந்து சீக்கிரம் தேய்ந்துவிடும்.

உப்பும் டிபன் பாக்ஸும்

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டு நீர் விட்டு ஈரக் களியாகக் குழையுங்கள். கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது, உப்பு மிச்சம் தெரிய வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் அந்த மூடியையும் கருவியையும் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடுங்கள். வெயில் படாத இடத்தில் இரவு முழுக்க இருக்கட்டும். நம் ஊர் வெப்பநிலையில் டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். கருவி 71 காட்டினால் அது 4 குறைத்துக் காட்டுகிறது என்று அறியலாம். ஒரு சின்னச் சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். 10-க்கு மேல் விலகினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

உணரியை விரலால் தொடுவது, பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைப்பது, ஊதுவது எதுவும் வேண்டாம். கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள். ஏற்றுமதி ஆர்டருக்கு அளவுச் சான்று கேட்டால் வீட்டுச் சோதனை செல்லாது. என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவு திருத்தம் செய்து சான்று வாங்க வேண்டும்.

ஆள் பாதுகாப்பு

நூலுக்கு நல்லது எல்லாம் ஆளுக்கு நல்லதல்ல. இங்கிலாந்தின் லங்காஷயரில் நெசவுக்கூடங்களில் நீராவி விட்டே தொழிலாளர்களை வாட்டினார்கள். அதைக் கட்டுப்படுத்த 1889-ல் பருத்தித் துணித் தொழிற்சாலைகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. நம் நாட்டில் 1948-ல் இயற்றிய தொழிற்சாலைகள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு செயற்கை ஈரப்பதத்தைப் பற்றியே பேசியது. அதற்குப் பயன்படுத்தும் நீர் குடிநீர் ஆதாரத்திலிருந்து வர வேண்டும், அல்லது நன்கு சுத்திகரித்திருக்க வேண்டும் என்றது. நான்கு தறி வைத்திருப்பவர் அந்தச் சட்டத்துக்குள் வராமல் இருக்கலாம். ஆனால் நுரையீரல் எல்லோருக்கும் ஒன்றுதானே? பனித்தூவித் தொட்டியில் தேங்கிய தண்ணீர்தான் கூடத்தில் வேலை செய்பவர் மூச்சில் போகிறது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவிக் காய விடுங்கள். விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாளே காய்ச்சல், நெஞ்சிறுக்கம் என்று யாராவது சொன்னால் தட்டிக்கழிக்க வேண்டாம். 104-ஐ அழைத்துக் கேளுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

வெப்பம் இன்னும் அவசரமானது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றோட்டம் அடைத்த கூடம் 36 டிகிரியிலேயே நிற்க, ஈரப்பதத்தை மட்டும் 75-க்கு ஏற்றினால் ஈரக் குமிழ் வெப்பநிலை ஏறக்குறைய 32 டிகிரி ஆகிவிடும். இளம் வயது, ஆரோக்கியமான உடம்பும் ஈரக் குமிழ் 31 டிகிரி அளவிலேயே வெப்பத்தைத் தாங்க முடியாமல் தடுமாறத் தொடங்குவதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு 2022-ல் காட்டியது. அதனால் ஈரப்பதம் மட்டும் காட்டும் கருவி போதாது, வெப்பநிலையும் சேர்த்துக் காட்டுவதை வாங்குங்கள். இரண்டும் ஏறும் நாளில் பனித்தூவியை நிறுத்தி எக்ஸாஸ்ட் பேனைப் போடுங்கள். இழை நாலு அறுந்தால் முடி போட்டுக்கலாம்.

அடுத்து மின்சாரம். ஈரமும் மின்சாரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கப் போகிறது. பனித்தூவி இணைப்பில் 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் இருக்கட்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எர்த் கம்பியைத் தகரக் கூரையில் கட்டுவதெல்லாம் எர்த் ஆகாது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே வேலையை முடியுங்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை கட்டணமில்லா மின்சாரம் 2023 முதல் கிடைக்கிறது. அந்த இணைப்பில் புதுச் சாதனம் சேர்க்கும் முன் உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மின்கசிவு, ஒயர் தொங்கல் போன்ற புகார்களுக்கு மின்னகம் 94987 94987 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

கருவியோடு வரும் அடாப்டரில் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் தட்டிப் பாருங்க, உண்மையான பதிவா என்று தெரிந்துவிடும். ஆர்சிசிபி, ஒயர் ஆகியவற்றின் ஐஎஸ்ஐ உரிம எண்ணையும் அதிலேயே சரிபார்க்கலாம். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம் இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பில்லை வாங்கிப் போனில் படம் எடுத்து வையுங்கள். உப்புச் சோதனையில் கருவி தவறாகக் காட்டும் படமும் கூடவே இருக்கட்டும். கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியும்போது கேட்பது இந்த இரண்டையும்தான்.