திருப்பி எழுதக் கற்றுக்கொண்டேன்!



"உனக்கென்னப்பா, டிராயிங் சூப்பரா வரும்" என்று வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான்: பென்சிலில் பார்த்து வரைவது. தப்பாகப் போனால் ரப்பர் இருக்கிறது, அழித்துவிடலாம். இந்த வருடம் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் சார் 'லினோ அச்சு' சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் என் லட்சணம் எனக்கே தெரிந்தது.

லினோ என்றால் என்ன?

ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள் முதலியவற்றைச் சேர்த்து, சணல் துணிமேல் பரப்பிச் செய்வது லினோலியம். 1860களில் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் வால்டன் என்பவர் இதைத் தரைவிரிப்பாகக் கண்டுபிடித்தார். மரத்தைவிட மிருதுவானது. மரத்தில் இருப்பது போன்ற ரேகை இதில் இல்லை. அதனால் எந்தப் பக்கமும் உளி சுலபமாக ஓடும். தரையில் கிடந்ததை ஓவியர்கள் எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டார்கள்!

1930ல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது, காந்தியடிகள் கைத்தடியுடன் நடந்து போவதை நந்தலால் போஸ் கறுப்பு வெள்ளை லினோ அச்சாகச் செய்தார். நம் அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியைச் சித்திரங்களால் அலங்கரிக்கும் வேலையும் இவர் தலைமையில்தான் நடந்தது.

செய்முறை

1. மெல்லிய தாளில் படத்தை வரைய வேண்டும். தாளைக் குப்புறக் கவிழ்த்து லினோமேல் வைத்துத் தேய்த்தால் படம் இடவலம் மாறிப் பதியும்.
2. வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுக்க வேண்டும். செதுக்காத இடம்தான் கறுப்பு.
3. லினோ விறைப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகும்.
4. பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். (என் இடது கட்டை விரலில் இருக்கும் தழும்பைப் பார்க்கவும்.)
5. ரோலரால் மையை மெல்லிசாகத் தடவி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் அச்சு ரெடி.

நான் செய்த தப்பு

எங்கள் கண்காட்சிக்கு அழைப்பிதழ் அச்சடிக்க எட்டுப் பேர் காசு போட்டு ஒரே ஒரு லினோ வாங்கினோம். நம் பள்ளி மணியும் பக்கத்துப் புங்க மரமும் படம். கீழே 'ஓவியக் கண்காட்சி' என்று எழுத்து. செதுக்கும் பொறுப்பை சார் என்னிடம் கொடுத்தார். மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து மரத்தை இலை இலையாகச் செதுக்கினேன். எழுத்துதானே என்று தாளில் எழுதிக் கவிழ்க்காமல் அவசரத்தில் நேராக லினோ மேலேயே எழுதி வெட்டிவிட்டேன்.

முதல் தாளை உரித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் திரும்பி நிற்கிறது! எட்டிப் பார்த்த ஆறாம் வகுப்புத் தம்பி, "அண்ணா, இது என்ன பாஷை?" என்று கேட்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெட்டியதை ஒட்ட முடியாது. பின்பக்கம் வெறும் சணல் துணி, அதிலும் செதுக்க முடியாது. வேறு வாங்கவும் காசில்லை.

அப்போது ஒருத்தன் வந்து, "மரம் நல்லாத்தானடா இருக்கு. எழுத்தை மட்டும் அறுத்து எடுத்துடலாம். ரப்பர்ல எழுத்து வெட்டிக்கலாம்" என்றான். "உனக்கெல்லாம் டிராயிங் வராதுடா" என்று போன வருடம் நான் கேலி செய்தேனே, அவன்தான்! ஒன்பது எழுத்துக்கு ஒன்பது ரப்பர். ஒவ்வொன்றையும் கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் வெட்டினான். மரம் என்னுடையது, எழுத்து அவனுடையது. அறுபது அழைப்பிதழும் நேராக விழுந்தன.

அன்று சாயந்திரம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுடா" என்று சிரித்தான்.

கற்றுக்கொண்டவை

முதலாவது, ஒரு முறை நன்றாக வந்துவிட்டால் எல்லா முறையும் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. புது முறைக்கு முன்னால் எல்லோரும் ஒண்ணாங்கிளாஸ்தான்.

இரண்டாவது, அழிக்க முடியாத வேலையில் கைக்கு முன்னால் மூளை போக வேண்டும். இப்போது பென்சிலில் வரையும்போதும் எங்கே வெள்ளையை விடுவது என்று முதலில் யோசிக்கிறேன். ரப்பருக்கு வேலை குறைந்துவிட்டது.

மூன்றாவது, கற்றுக்கொள்ள வயதில்லை. 1881ல் பிறந்த பிக்காசோ, 75 வயதைத் தாண்டிய பிறகு, ஒரே லினோவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக்கொண்டே போய், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நிறங்களில் அச்சடித்தார். இதில் அடுத்த நிறத்துக்காகச் செதுக்கிவிட்டால் முந்தைய நிறத்தை மறுபடி அச்சடிக்க முடியாது. உலகப் புகழ் பெற்ற பிறகும் அவர் அந்தப் பயத்தை விலைக்கு வாங்கியிருக்கிறார். நமக்கென்ன?

நண்பர்களே, உங்கள் பழைய ரப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். சனிக்கிழமை ஓவிய அறைக்கு எடுத்து வாருங்கள். உங்கள் பெயரின் முதல் எழுத்தைத் திருப்பி எழுதிப் பாருங்கள். தப்பாக வந்தால் வெட்கப்பட வேண்டாம். அங்கே நானும் இருப்பேன்!

– 11ஆம் வகுப்பு மாணவன்